பாலாற்றங்கரைத் தோல் நகரங்களில் தொலைத்தொடர்புச் சொற்கள்

புதிய கருவியொன்று ஒரு நாட்டிற் புகுங்கால், அதனை ஆக்கியோர் இட்ட பெயரும் உடன்வருவதுண்டு. வந்த இடத்து மக்கள் தம்மிடம் முன்பே உள்ள சொல்லொன்றை அதற்கு ஈந்து வழங்குவதும் உண்டு. கற்றோர் கூடிப் புதுச்சொல் புனைவதும் உண்டு. இம்மூன்றும் ஒரே வட்டாரத்தில் ஒன்றையொன்று நெருக்கி நிற்றலைக் காண விழைவார்க்கு வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் தோல் நகரங்கள் தக்க களமாகும். இங்குப் பதனிடப்பெற்ற தோல் நெடுங்காலமாகக் கடல் கடந்து விலையாகி வருகின்றது. பதனிடும் இடமும் விலைகூறும் இடமும் பல்லாயிரங்கல் தொலைவில் இருத்தலின், செய்தி விரைந்து வருதல் இத்தொழிலுக்கு இன்றியமையாதது. எனவே, தந்தி முதல் இணையம் ஈறாகத் தொலைத்தொடர்புக் கருவிகள் ஒவ்வொன்றும் இவ்வட்டாரத்து வணிகத்தில் இடம்பெற்றன. அவற்றோடு வந்த சொற்களுள் எவை நிலைத்தன, எவை நிலையாவாயின, அதற்குக் காரணம் யாது என ஆராய்தலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

களத்தின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை திறக்கப்பெற்றது. பின்னர்ப் பாலாற்றைத் தழுவி மேற்கே நீண்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரால் இலண்டன் ஏலங்களில் விலைபோயிற்று. மக்கள் வழங்கும் மொழியோ ஒன்றன்று. தமிழோடு, இசுலாமிய வணிகர் பலர்தம் இல்லங்களில் உருதுவும், ஆந்திர எல்லை அண்மையில் இருத்தலின் தெலுங்கும், கடிதப் போக்குவரவில் ஆங்கிலமும் வழங்கின, இன்றும் வழங்குகின்றன. இலக்கண நூலார் திசைச்சொல் என வகுத்தது ஏட்டில் மட்டும் இருப்பதன்று என்பதை இவ்வூர்க் கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்றார் எவரும் உணர்வர். மொழியியலைத் தமிழில் எளிமையாக எழுதிய டாக்டர் மு. வரதராசனார் திருப்பத்தூரையும் வாலாசாப் பக்கத்து வேலத்தையும் தம் மண்ணாகக் கொண்டவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இனிச் சொற்களைக் காண்போம். முதலில் வந்தது தந்தி. இந்தியாவில் மின்தந்தி 1855ஆம் ஆண்டு பிப்ரவரியிற் பொதுமக்கள் பயன்பாட்டிற்குத் திறக்கப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஆங்கிலேயர் இட்ட பெயர் கிரேக்கச் சொற்களால் ஆயது. 'தொலைவில் எழுதுதல்' என்பது அதன் பொருள். நம் மக்கள் அப்பொருளை மொழிபெயர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கம்பியே. ஆதலின் வீணை நரம்பிற்கு வழங்கிய வடசொல்லாகிய 'தந்தி'யையே இதற்கும் வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இச்சொல்லுக்கு யாழ் நரம்பு என்னும் பொருளோடு மின்தந்தி என்னும் பொருளையும் தருகின்றது. அயல்மொழிகளை நோக்கினால் வியப்பு மிகும். உருதுவில் 'தார்' என்பது கம்பி. தந்திச் செய்தியும் 'தார்' எனவே பெயர் பெற்றது. மலையாளத்தார் 'கம்பி' என்றே தந்தியைக் குறித்தனர். தபால் தந்தித் துறை அவர்க்குக் 'கம்பித்தபால்' துறையாயிற்று. அரபு மொழியாளர் மட்டும் வேறொரு வழியிற் சென்று, மின்னலைக் குறிக்கும் சொல்லினின்று தந்திக்குப் பெயர் கொண்டனர். வாணியம்பாடி வணிகர் ஒருவர் வீட்டில் 'தார்' என்றும் கடையில் 'தந்தி' என்றும் கூறியபோது இரு மொழியிலும் ஒரே சொல்லையே கூறினார் எனல் பொருந்தும். எவரும் கூடி ஆராய்ந்து முடிவு செய்யாமலே இத்துணை மொழிகள் ஒரே வழியை மேற்கொண்டன என்பது கருதற்பாலது.

இவ்வழிக்கு நம் இலக்கணத்திற் பெயர் உண்டு, அஃது ஆகுபெயர். கருவியின் பெயர் அதனால் விளையும் பயனுக்கு ஆயினமையின் இது கருவியாகுபெயரின்பாற்படும். 'தந்தி வந்தது' என்றால் வந்தது கம்பியன்று, செய்தி. அம்மட்டோ? 1942ஆம் ஆண்டு சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழ் அச்செய்தியின் பெயரைத் தாங்கிற்று. 'தந்தி வாங்கி வா' என்பது நாளிதழ் வாங்கி வருதலைக் குறிக்கலாயிற்று. நரம்பு கம்பியாய், கம்பி செய்தியாய், செய்தி இதழாய் ஆகிய இதனை, 'கார்' என்னும் சொல்லை வைத்து உரையாசிரியர் விளக்கும் இருமடி, மும்மடி ஆகுபெயர்களோடு ஒப்பவைத்து மாணவர்க்குக் காட்டலாம். தந்திப் பணி 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாடெங்கும் நிறுத்தப்பெற்றது. கருவி மறைந்தும் சொல் மறையவில்லை.

சொல் நிலைத்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. இதனை ஆராய்ச்சியாளர் பெரிதும் நோக்குவதில்லை. 'தந்தி' என்னும் பெயர் தனித்து வரவில்லை. தனக்குரிய வினையோடு வந்தது. தந்தி 'கொடுத்தனர்', தந்தி 'அடித்தனர்'. முத்திரை அடித்தல், அச்சடித்தல் என முன்பே வழங்கிய வினை இது. தந்தி நிலையத்தார் விசையைத் தட்டும் செயலுக்கும் இயல்பாகப் பொருந்திற்று. வினை அமைந்தபின் பெயர் வேரூன்றும். இக்கருத்தைப் பின்னும் பலவிடத்துக் காண்போம்.

தந்தி வணிகத்திற் புகுந்தபொழுது மொழி சுருங்கியதும் ஈண்டு நோக்கத்தக்கது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கினமையின், ஒரு முழுத்தொடரை ஒரு குறிச்சொல்லால் உணர்த்தும் குறிநூல்கள் ஐரோப்பாவில் எழுந்தன. 1906ஆம் ஆண்டு வெளிவந்த பென்ட்லி குறிநூலில் ஒவ்வொரு குறியும் ஐந்தெழுத்தால் ஆயது. பத்தெழுத்துவரை ஒரு சொல்லாகக் கொள்ளப்பட்டமையின் இரு குறிகளை ஒட்டி ஒரு சொல்லின் கட்டணத்தில் அனுப்ப இயன்றது. வணிகர் ஒவ்வொருவரும் ஒற்றைச்சொல்லாகிய 'தந்தி முகவரி'யைப் பதிவுசெய்து தம் கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்டனர். பிற்காலத்தில் இந்திய அஞ்சல் தந்தித் துறை திருமண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து முதலியவற்றிற்கு எண் கொடுத்தது. வாழ்த்து எண்ணாகச் சென்றது; சென்ற இடத்தில் மீண்டும் தொடராயிற்று. செய்தியை எண்ணாக்கி அனுப்பி, மறுமுனையில் மீட்டும் செய்தியாக்குதலே இன்றைய எண்முறைத் தொலைத்தொடர்பின் அடிப்படை. கணிப்பொறி வருமுன்னரே நம் திருமண வீடுகட்கு எண்முறை வந்துவிட்டது என நகையாகவேனும் கூறலாம்.

தொலைபேசிக்கு வருவோம். சென்னையில் 1882ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையம் அமைந்தது. 'தொலைபேசி' என்னும் சொல் கற்றோர் ஆக்கம். மண்வெட்டி என்பதிற்போலக் கருவிப்பொருளை உணர்த்தும் இகரவிகுதி பெற்று நிற்கும் இச்சொல், தொடரமைப்பாற் குற்றமற்றது. ஏடுகளிலும் அரசு ஆவணங்களிலும் நிலைபெற்றது. பேச்சு வழக்கிலோ 'போன்' என்பதே வென்றது. வென்றதற்குக் காரணம் அதன் குறுமை மட்டுமன்று. 'போன் போடு', 'போன் செய்', 'போன் எடு', 'போனை வை' என வினைகள் அதனைச் சூழ்ந்துகொண்டன. தொலைபேசியை நிலையத்தார் துணையின்றி நெடுந்தொலைவிற்கு இயக்கும் முறை 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் இலக்னோவிற்கும் இடையே முதன்முதலில் ஏற்பட்டது. அது நம் வட்டாரத்திற்கு வந்து பரவியபின் 'எஸ்.டி.டி.' என்னும் மூன்றெழுத்து ஊர்தோறும் மஞ்சட் பலகையில் ஏறிற்று. அதன் விரி யாது எனக் கேட்டவரும் இலர்; சொன்னவரும் இலர். சிம், வைஃபை, ஓ.டி.பி. என இன்று வழங்குவன பலவும் அவ்வினத்தன. மரூஉவென்றோ இடுகுறியென்றோ இவற்றை வகைப்படுத்தல் எளிதன்று. இலக்கணத்தார் இனி இடம் வகுத்தல் வேண்டும்.

கற்றோர் முயற்சியையும் கூறாது விடுதல் நேர்மையன்று. இவ்வட்டாரத்திற்கு அண்மையதாகிய சேலத்தில் 1916ஆம் ஆண்டு இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு ஒரு சங்கம் கண்டனர். அதன் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்ததைப் பாரதியார் குறைகூறினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களிற் கலைச்சொற்களைத் தொகுத்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது, பெ. தூரன் அதன் முதன்மையாசிரியர். அ. சிதம்பரநாதனாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963 முதல் 1965 வரை வெளிவந்தது. கணிப்பொறிச் சொற்களுக்கு மணவை முசுதபா தனியொருவராய்ப் பேரகராதி கண்டார். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதி வெளியிட்டது. 'இணையம்' என்னும் அழகிய சொல் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி அவர்களது ஆக்கம் எனப் போற்றப்படுகின்றது. பெருந்தொண்டு இவை, ஐயமில்லை. ஆயினும் இவற்றின் குறையொன்றையும் கூறவேண்டும்.

தொலைத்தொடர்புக் கருவிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள்க. திசைவி, வழிச்செலுத்தி, வழங்கி, இணக்கி, நிலைமாற்றி, பெருக்கி, இணைப்பி, பரப்பி என இகரவிகுதி பெற்ற சொற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனித்து நோக்குங்கால் செவ்விது. ஒருங்கே கேட்குங்கால் செவி மயங்கும். மண்வெட்டியையும் அரிவாளையும் ஓசையாலேயே வேறுபிரித்து அறிந்த உழவர் மொழி நம்முடையது. கருவி நிலையத்தில் நின்று 'அந்த இணைப்பியைக் கழற்றி இந்த இணக்கியிற் பூட்டு' என்று கூறிப் பார்த்தால் இடர் விளங்கும். மேலும் ஒரு கருத்திற்கே பல சொற்கள் எழுந்தன. எண்ணியல், எண்முறை, எண்ணிமம், இலக்கமுறை என நான்கும் ஒன்றையே குறிக்கின்றன. இலங்கையார் ஒன்றைக் கொள்ள, தமிழகத்தார் மற்றொன்றைக் கொண்டனர். ஆங்கிலச் சொல்லின் வேரோ விரல் என்னும் இலத்தீன் சொல். விரல்விட்டு எண்ணுதல் தமிழர்க்கும் பழக்கமே. இத்துணைச் சொல் இருந்தும் கடைத்தெருவில் 'டிஜிட்டல்' என்பதே கேட்கின்றது.

ஆயின் தொழில் வழக்கிலிருந்து எடுத்த சொற்கள் நிலைபெறத் தக்கனவாய் உள்ளன என்பதற்குச் சான்று உண்டு. 'பொதி' என்பதை நோக்குக. பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசும்வரை ஒரு தடம் முழுதும் அவர்க்கே உரியதாய் இருக்கும். பேசாது வாளாவிருப்பினும் பிறர்க்கு உதவாது. இன்றைய முறையில் செய்தி சிறுசிறு கூறாகப் பிரிக்கப்படுகின்றது. கூறு ஒவ்வொன்றின்மேலும் சேரிடமும் வரிசையெண்ணும் பொறிக்கப்படுகின்றன. அவை வெவ்வேறு வழியே சென்று, சேர்ந்த இடத்தில் வரிசைப்படி கூட்டப்படுகின்றன. ஆம்பூரிலிருந்து தோலைக் கட்டுக்கட்டாய்க் கட்டி, கட்டின்மேல் குறியும் எண்ணும் இட்டுத் துறைமுகம் அனுப்பிய வணிகர்க்கு இதனை விளக்க வேண்டுவதே இல்லை. சில கட்டு வண்டியிலும் சில கட்டு இருப்புப்பாதையிலும் செல்லினும், கிடங்கில் எண்பார்த்து அடுக்கினாற் சரக்கு முழுமையாகும். ஒரு கட்டுக் குறைந்தால் அதனை மட்டும் மீண்டும் கேட்டெழுதினாற் போதும். இம்முறையைக் கண்டோருள் ஒருவராகிய இங்கிலாந்து அறிஞர் டொனால்டு டேவிசு 1960களின் இடைப்பகுதியில் இதற்குப் பெயரிடக் கருதியபொழுது, பிறமொழிகளிலும் எளிதிற் பெயர்க்கத்தக்க சொல் வேண்டுமென மொழியறிஞர் ஒருவரை உசாவியே 'பேக்கெட்' என்னும் சொல்லைத் தேர்ந்தார். மொழிபெயர்ப்பை முன்னுணர்ந்து வைத்த பெயர் இது. பொதி, சிப்பம் என்னும் இரு தமிழ்ச் சொற்களும் அதற்கு நேர் நிற்கின்றன. நம் நல்வினையென்றே கூறலாம். ஆயினும் 'பேக்கெட்' என்றால் இன்றைய தமிழர்க்குப் பால் உறையும் மாவுப்பையுமே நினைவிற்கு வரும்.

'இழை' என்பது பிறிதொன்று. ஆம்பூருக்கு அணித்தாகிய குடியாத்தம் நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். ஒளியைச் சுமந்து செல்லும் மெல்லிய கண்ணாடித் தந்திற்கு 'ஒளியிழை', 'கண்ணாடி இழை' எனப் பெயரிட்டனர். தமிழ்நாட்டரசு ஊராட்சிகளை இணைக்க அமைத்த நிறுவனத்தின் பெயரிலும் 'கண்ணாடி இழை வலையமைப்பு' என்பது இடம்பெற்றுள்ளது. பெயர் நன்று. ஆனால் சாலையோரத்தில் பள்ளம் தோண்டி அறுந்த இழையை ஒட்டும் தொழிலாளர் வாயில் 'பைபர்', 'கட்', 'ஸ்பிளைசிங்' என்பனவே வழங்குகின்றன. நெசவாளரிடம் இழை அறுதலும், அறுந்ததை முடிதலும், பழம்பாவோடு புதுப்பாவைப் பிணைத்தலும் அன்றாட வினைகள். அகராதி செய்தோர் 'இழை'யை மட்டும் எடுத்துக்கொண்டு, 'முடிதல்', 'பிணைத்தல்' என்னும் வினைகளைத் தறியிலேயே விட்டுவந்தனர். வினையற்ற பெயர் பலகையில் நிற்கும், வாயில் நில்லாது. இதற்கு மாறாகப் 'பதிவிறக்கு', 'பதிவேற்று' என்பன வினையாகவே பிறந்தமையின் எளிதிற் பரவின. 'இணைப்புத் துண்டிக்கப்பட்டது' என்பதும் அத்தகையதே. மின்வாரியத்தாரின் துண்டிப்பு அறிவிப்புகள் மக்களுக்கு அவ்வினையை முன்பே நன்கு கற்பித்துவிட்டன. தோல் தொழிலில் 'பதனிடு' என்னும் ஒரு வினையே ஒரு பெருந்தொழிலின் பெயரைத் தாங்கி நிற்பதும் இதற்கு அரணாகும்.

இவ்வாறே பாசனத் தொழிலிலிருந்து 'மடைமாற்று' என்னும் வினை செய்தித்தாள்களில் ஓரளவு புகுந்துள்ளது. வலையமைப்பில் 'சுவிட்ச்' என்னும் பெட்டி செய்யும் வேலை, வந்த பொதியின் முகவரி பார்த்து உரிய துறைவழியே விடுதல். ஏரிநீரை எவ்வயலுக்கு உரியதோ அவ்வாய்க்காலில் திருப்பிவிடுவோன் செயலும் அதுவே. 'நிலைமாற்றி' என்பது விளக்கினை ஏற்றி அணைக்கும் பொறிக்கே பொருந்தும். இலங்கையார் வழங்கும் 'ஆளி' என்பதும் அப்பொறிக்குரியதே. வலையமைப்புப் பெட்டிக்கு 'மடை' என்னும் வேரினின்று ஒரு சொல் அமைதல் தகும் என்பது எம் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் கடன்.

இனி மக்கள் செய்திருப்பது யாது எனக் காண்போம். அவர்கள் பெயர்களை வந்தவாறே ஏற்றுக்கொண்டனர். வினையைத் தமக்கு உரியதாகவே வைத்துக்கொண்டனர். 'நெட் வரவில்லை', 'லைன் போய்விட்டது', 'சிக்னல் கிடைக்கவில்லை', 'ரேகை விழவில்லை', 'பணம் ஏறவில்லை' என்பன காலணித் தொழிற்சாலை வாயிலிலும் நியாயவிலைக் கடையிலும் நாள்தோறும் கேட்கும் தொடர்கள். வருதல், போதல், கிடைத்தல், விழுதல், ஏறுதல் என்னும் பழந்தமிழ் வினைகள் இங்கே புதுப்பொருள் பெறுகின்றன. கணக்கில் பணம் ஏறுதலும் கண்ணாடிமேல் விரல்ரேகை விழுதலும் எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கிய வழக்குகள் அல்ல. இவை குறையைக் கூறும் தொடர்களாகவே பெரிதும் இருத்தலையும் நோக்குக. கருவி ஒழுங்காய் இயங்குங்கால் அதனைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இங்கேதான் சொல்லாராய்ச்சி வாழ்க்கையைத் தொடுகின்றது. இத்தோல் நகரங்களின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் ஊதியம் வங்கி வழியும், வருங்கால வைப்புநிதி இணைய வழியும், பங்கீட்டு அரிசி விரற்பதிவு வழியும் வருகின்றன. அரைநாள் விடுப்பெடுத்து வந்து நிற்கும் ஒரு பெண்ணுக்குச் 'சர்வர் இல்லை' என்னும் ஒரே விடை கிடைக்கின்றது. 'சர்வர்' என்றால் உணவுச்சாலையிற் பரிமாறுவோர் என்னும் பொருளே தமிழில் நெடுநாள் வழங்கியது. 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' என்னும் திரைப்படத்தின் பெயரும் அப்பொருளதே. புதிய பொருளோ அவருக்கு எவராலும் விளக்கப்படவில்லை. எங்கோ உள்ள ஒரு கணிப்பொறி, கேட்ட வினாவிற்கு மறுமொழி தரவில்லை என்பதே உண்மை. அவ்வாறு கூறினால், 'எங்குள்ளது? எப்பொழுது மறுமொழி தரும்? அதுவரை வேறு வழி என்ன?' எனக் கேட்க இடமுண்டு. 'சர்வர் இல்லை' என்பதன்பின் கேட்க ஒன்றுமில்லை. மழை இல்லை என்பதுபோல அது கேட்டுத் திரும்புதற்குரிய சொல்லாகிவிடுகின்றது. 'வழங்கி' என மாற்றிப் பலகை எழுதினும் இந்நிலை மாறாது. 'வழங்கி மறுமொழி தரவில்லை' என்று சாளரத்தில் இருப்போர் வாயில் வினையோடு வழங்கினாலன்றிப் பயனில்லை. தூய தமிழா, கலப்புத் தமிழா என நாம் வழக்காடுமிடத்து, வழக்கு அதுமட்டுமன்று; வினாவ இயலும் தமிழா, வினாவ இயலாத தமிழா என்பதும் ஆகும்.

எஞ்சியிருப்பது 'டவர்'. 1995ஆம் ஆண்டில் இந்தியாவில் செல்பேசி தொடங்கியபின் ஊர்ப்புறமெங்கும் உயர்ந்த எஃகுக் கோபுரங்கள் எழுந்தன. ஆங்கிலேயர் 'சிக்னல்' எனக் கூறும் அலையைத் தமிழ்மக்களுட் பலர் 'டவர்' என்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத அலையைக் கண்ணுக்குத் தெரியும் கோபுரத்தால் உணர்த்துதல், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செய்தியைக் கம்பியால் உணர்த்திய அதே செயல். சொல் அயலது, ஆகுபெயரோ நம் மக்கள் தாமே ஆக்கியது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை; ஆதலின் அச்சொல்லைப் பிழையான ஆங்கிலம் என எள்ளி ஒதுக்காது, இந்நூற்றாண்டின் திசைச்சொல்லாக அகராதியில் ஏற்றுப் பொருள் எழுதுதல் வேண்டும். வாணியம்பாடி நிலைய மேடையில் நின்று கையை உயர்த்தி 'டவர் கொஞ்சம் வருகிறது' என்பவர், கோபுரம் நடந்து வருகின்றது எனக் கூறவில்லை.